அமிர்தவல்லியின் கடைசிக் கதை

ஒரு வீட்டு அலமாரியில் பழைய ரேடியோ ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அமிர்தவல்லி என்ற அறிவிப்பாளர் அதன் வழியாகக் கதை சொல்வார். வருகிற வெள்ளியோடு அவர் ஓய்வு பெறுகிறார் என்று கேட்டதிலிருந்து ரேடியோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கப் பேசும் அதற்கு, ஒரு சொல்லைக்கூடத் தன்னிடம் நிறுத்திவைக்கத் தெரியாது.

பக்கத்தில் கையடக்க ரெக்கார்டர்கள் இரண்டு இருந்தன. "அவர் குரலை யார் பிடித்துத் தருவீர்கள்?" என்று ரேடியோ கேட்டது.

"நான் ஆயிரம் மணி நேரம் பிடிப்பேன் அக்கா!" என்று வெள்ளி நிற ரெக்கார்டர் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. அது பதிவு செய்ய விழித்ததுமே ரேடியோவுக்குள் 'ஙொய்' என்று இரைச்சல் கிளம்பி, பாட்டையும் பேச்சையும் மூழ்கடித்தது.

"கொஞ்சம் தள்ளி உட்காரேன் தம்பி."

"தள்ளி உட்கார நான் என்ன அந்நியனா?" என்று அது இன்னும் நெருங்கியது.

கறுப்பு ரெக்கார்டர் நகர்ந்து நகர்ந்து எதிர்ச்சுவர் ஜன்னலுக்கே போய்விட்டது.

"அவ்வளவு தூரமா?"

"பக்கத்தில் வந்தால் என்னாலும் உங்களுக்குள் இரைச்சல் வரும் அக்கா. இங்கிருந்து நன்றாகக் கேட்கிறது."

ரேடியோ வெள்ளி நிற ரெக்கார்டரைத் தூங்கச் சொல்லிவிட்டுக் கறுப்பையே வைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. அமிர்தவல்லி கதையை முடித்து, "போய் வருகிறேன்" என்றார். சற்று நேரத்தில் ஜன்னலில் இருந்த கறுப்பு ரெக்கார்டரிலிருந்து அதே குரல் மெல்ல எழுந்தது.

'பக்கத்தில் வாயேன்' என்று சொல்ல ரேடியோ வாயெடுத்தது. அந்த 'ஙொய்' இரைச்சல் நினைவுக்கு வர, நிறுத்திக்கொண்டது.

"இன்னும் ஒருமுறை சொல்லச் சொல்" என்று மட்டும் கேட்டது.