மூன்றாவது செட் சக்கரம்

"இந்த வெல்டிங்குல தலமுடியாட்டம் ஒரு கோடு தெரியுது, பாருங்கண்ணே" என்றான் பூவரசன்.

சக்கரத்தைச் செய்த இருதயராஜ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு லாரிச் சக்கரத்தின் அருகே குனிந்தார். செல்போன் வெளிச்சத்தில் கோடு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

விழுப்புரத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி வைத்திருக்கும் பூவரசன், பழைய லாரி ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி வீடாக்கியிருந்தான். அதில் தன்னந்தனியாக லடாக் போகிறான். ஆளில்லாத மலைப்பாதையிலும் கைவிடாத சக்கரம் வேண்டும் என்றுதான் இந்தத் திண்டிவனம் பட்டறையைத் தேடி வந்தான். முதலில் பளபளவென்று அலாய் சக்கரம் கேட்டான்.

"அது அடி வாங்குனா உடைஞ்சிடும் சார். இரும்புன்னா வளையும். எந்த ஊர்லயும் சுத்தியால தட்டிக்கினு போய்க்கினே இருக்கலாம்" என்று அவன் மனதை மாற்றியவர் இருதயராஜ்தான்.

மாற்றியது தப்போ என்று இப்போது தோன்றியது. முதல் செட்டைப் பார்த்துத் தகடு மெல்லிசு என்றான். இரண்டாவது செட் கனம் ஜாஸ்தி, மேடு ஏறாது என்றான். மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மண்டி டிரைவர் முருகையன் லாரியைக் கொண்டுவருவார். லாரி போகிற அழகைப் பின்னாலிருந்து ரசிக்க வேண்டுமாம், பூவரசன் ஸ்கூட்டரில் வருவான். இன்று அவன் வந்து சேர்வதற்குள் இருதயராஜ் மூன்றாவது செட்டை லாரியில் மாட்டியே விட்டார்.

வேறு பட்டறைக்காரனாக இருந்தால், "போய்யா, நீயும் உன் லாரியும்" என்றிருப்பான். இருதயராஜால் முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன் அவர் செய்த டிராக்டர் சக்கரம் பனமலை ஏரிக்கரையில் பிளந்து, ஓட்டியவர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். கரும்பை அளவுக்கு மீறி ஏற்றியதுதான் காரணம் என்று ஊரே சொன்னது. ஆனாலும் அன்றிலிருந்து அவருக்குத் தன் கைமேல் நம்பிக்கை போய்விட்டது. அதற்குப் பிறகு பஞ்சர் ஒட்டினாரே தவிர, புதுச் சக்கரம் செய்யவில்லை. மனைவி ஜெசிந்தாதான் இந்த வேலையை எடுக்க வைத்தாள். இதுவும் தேறாவிட்டால் வெல்டிங் மெஷினை விற்றுவிடுவது என்று அவர் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

"இருங்க சார், பாத்துடலாம்."

மண்ணெண்ணெயை வெல்டிங் மேல் தடவினார். சுத்தமாகத் துடைத்தார். சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் கோடு போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். டீ கொண்டுவந்த ஜெசிந்தா அதைக் கொடுக்க மறந்து, மாதாவை வேண்டியபடி நின்றாள்.

பத்து நிமிடம் போனது. தூள் வெள்ளையாகவே இருந்தது.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார்.

பூவரசன் முகத்தில் நிம்மதி வரவில்லை. இன்னும் வாடியது. "வெல்டிங்கு சரிண்ணே. அகலம்தான் கொஞ்சம் பத்தலையோன்னு... இன்னொரு செட்டு பண்ணிடுங்களேன். ஜல்தி ஒண்ணும் இல்ல, ஒரு மாசம்கூட எடுத்துக்குங்க."

"என்ன சார் பேசுறீங்க? விழுப்புரம் பஸ் ஸ்டாண்டாண்ட, ஸ்டியரிங்க புடிச்சிக்கினு நீங்க சிரிக்கிற மாதிரி ஃப்ளெக்ஸ் வெச்சிருக்காங்க. கெளம்புற தேதி மேல ரெண்டு வாட்டி ஸ்டிக்கர் ஒட்டியாச்சாம், இவ பாத்துட்டு வந்து சொல்றா. என் சக்கரத்தாலதான் லேட்டுன்னு ஊர் பேசுனா எனக்குப் பேஜாரு சார்."

பூவரசன் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தான்.

இருதயராஜ் எழுந்தார். முருகையனிடமிருந்து சாவியை வாங்கி வந்து பூவரசனிடம் நீட்டினார்.

"எங்க பட்டறைல ஒரு பழக்கம் உண்டு சார். சக்கரம் செஞ்சவன் மொத ஓட்டத்துக்குக் கூட ஏறி ஒக்காரணும். அந்த டிராக்டருக்கு மட்டும்தான் நான் ஏறல. இதுக்கு ஏறுறேன். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல ஒக்கார்றேன். இதோ பக்கத்துல மயிலம் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம். ஒடைஞ்சா ரெண்டு பேரும் சேந்து விழுவோம்."

பூவரசன் சாவியைத் தொடவில்லை. முருகையன் எதையோ தேடுவது போல் வானத்தைப் பார்த்தார்.

இருதயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "மயிலம் வரைக்கும்கூட என் சக்கரத்த நம்ப மாட்டீங்களா சார்? அவ்ளோ மோசமா செஞ்சிட்டனா?"

அந்தக் கேள்வியைப் பூவரசனால் தாங்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்து லாரியின் மறுபக்கம் இழுத்துப் போனான். ஜெசிந்தாவுக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

"சக்கரத்துல ஒரு கொறையும் இல்லண்ணே, மொத செட்டே லடாக்குக்குப் போதும். எனக்குத்தான் லாரி ஓட்ட வரல, நேத்தோட மூணு வாட்டி லைசென்ஸ் டெஸ்ட்டுல ஃபெயிலு."