உம்மா இடம் பிடித்த நாற்காலி

நாளைக் காலை குவைத்திலிருந்து வாப்பா வருகிறார். அதற்குள் ஸமீஹா தன் நாலு வருடப் பள்ளி நாடகப் படங்களையும் ஆல்பத்தில் ஒட்டி முடித்தாக வேண்டும். ஒரு நாடகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆனாலும் உம்மா ஃபஹ்மிதா, வருடம் தவறாமல் முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி பிடித்து வைப்பாள்.

ஸ்டுடியோவில் இன்றுதான் பிரிண்ட் போட்டு வாங்கி வந்த படங்களைப் பிரித்த ஸமீஹா துள்ளிக் குதித்தாள்.

"உம்மா, இங்கன பாருங்க! ஒங்க பக்கத்துல வாப்பா!"

நாலு வருடப் படத்திலும் வாப்பா ரசீத் இருந்தார். பனியனும் கட்டம் போட்ட கைலியும் உடுத்தியிருந்தார்.

"பள்ளிக்கூட விழாவுக்குச் சாரத்தோடயா வருவாக?" என்றாள் ஃபஹ்மிதா.

"எப்படி வந்தா என்ன? என் நாடகத்தைப் பாத்துட்டாகல்லா!"

அப்போது ரசீத்தே போனில் அழைத்தார்.

"கெளம்பிட்டேன் புள்ள. ரூம்காரனுவ ஒரே கேலி. நைட் ஷிஃப்ட் முடிச்சுப் பகல்ல தூங்கையில, வருசத்துக்கு ஒருநாள் கை தட்டுதேனாம். எழுப்புனாலும் நிறுத்த மாட்டேங்கேனாம்."

ஸமீஹா கடைசிப் படத்தை எடுத்தாள். நாடகம் முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். முன்வரிசையில் ரசீத் மட்டும் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார். மற்ற நாற்காலிகளையெல்லாம் அடுக்கிவிட்டு, வாட்ச்மேன் அண்ணாச்சி அவர் பக்கத்தில் பொறுமையாகக் காத்து நின்றார்.