புதுப் பாட்டு வரவில்லை

“இப்ப அவன் தூங்கிக்கினு இருப்பான் பாய். போன் கீன் பண்ணி எழுப்பிடாதீங்க,” என்றார் தணிகாசலம்.

காலை பதினொரு மணி. கும்மிடிப்பூண்டி பஜாரில் வெயில் மண்டையைப் பிளந்தது. இந்நேரத்துக்கு ஒருவருடைய பிள்ளை தூங்குகிறான் என்றால் அவன் இருப்பது அமெரிக்காதான் என்று கண்டுபிடிக்க ஹனீப்புக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பாதியைக் கேட்டால் மீதியைத் தானே முடித்துக்கொள்கிற ஆசாமி அவர். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு அந்தக் குணம் தோதாகத்தான் இருந்தது.

அது இரண்டாயிரத்து எட்டு. ஊரில் லேப்டாப் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் தணிகாசலமும் ஒருவர். சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, தானே பொங்கித் தானே சாப்பிடுகிறவர்.

லேப்டாப் மகன் விமல் வாங்கிக் கொடுத்தது. பாட்டுக்கென்று ஒரு சாஃப்ட்வேரையும் அவனே போட்டுக் கொடுத்திருந்தான். அவன் தன் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பாட்டெல்லாம் அப்பாவின் லேப்டாப்பிலும் தானாகவே தெரியும். இரண்டு மாதமாக ஒரு பாட்டும் தெரியவில்லை என்பதுதான் புகார்.

அந்த சாஃப்ட்வேர் ஹனீப்புக்குப் புதிது. ஆனாலும் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார், வைரஸ் இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், இது எதற்கு வம்பு, வேண்டிய பாட்டையெல்லாம் நானே ஏற்றித் தருகிறேன் என்றார்.

“எனக்குப் பாட்டு வேணாம் பாய். அவன் கேக்கற பாட்டுதான் வேணும்.”

ஹனீப் நிமிர்ந்து பார்த்தார். பெரியவர் கொஞ்சம் கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னார். மகன் கல்யாணப் பேச்சில் அவர் ஒரு வார்த்தையை விட்டுவிட்டாராம். அதிலிருந்து அவனுக்கும் இவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது.

“குத்துப் பாட்டா ஏறியிருந்தா நல்லா கீறான்னு தெரிஞ்சிக்குவேன். சோகப் பாட்டுன்னா இன்னாவோ பேஜாருன்னு அர்த்தம். ஒண்ணுமே வரலன்னா நான் இன்னான்னு நெனைக்கிறது?”

ஹனீப்புக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவருடைய தம்பி ரிஜ்வான் ஷார்ஜாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவன் போன் வராவிட்டால் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. அத்தனை தூரம் போய்விட்ட பிள்ளையோடு என்ன கோபம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இதை உங்கள் வீட்டு லைனில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பெரியவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

வீடு துப்புரவாக இருந்தது. கவிழ்த்து வைத்த ஒரே தட்டு, ஒரே டம்ளர். மேஜை மேல் மோடத்தின் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று ஹனீப் ஏதோ ஒரு பழைய பாட்டைத் தட்டிவிட, தணிகாசலம் பதறிப்போய் ஓடிவந்து சத்தத்தைக் குறைத்தார்.

“மெதுவா வைங்க பாய். மேல தூங்கற நேரம்.”

சிப்காட் பக்கம் மாடி என்று ஒன்று இருந்தால் அதில் நைட் ஷிப்ட் ஆட்கள் குடியிருப்பார்கள். பகலெல்லாம் தூங்குவார்கள். பெரியவரும் வாடகைக்கு விட்டிருக்கிறார், ஆத்திர அவசரத்துக்கு ஒரு மனுஷத் துணையாவது இருக்கிறதே என்று ஹனீப் திருப்திப்பட்டுக்கொண்டார்.

லேப்டாப்பை வீட்டு லைனில் சேர்த்தார். இங்கே தட்டி, அங்கே தட்டி, பிறருடைய பாட்டையும் காட்டு என்று இருந்த ஒரு கட்டத்தில் டிக் போட்டார். கடையில் எத்தனை தேடியும் வராத பெயர் ஓரத்தில் பளிச்சென்று வந்து நின்றது. விமல்.

“வந்துட்டான்,” என்றார் தணிகாசலம். பிள்ளையே வாசலில் வந்து நின்ற மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு இருந்தது. ஹனீப் அதைத் தட்டியதும் பாஸ்வேர்ட் கேட்டது. அம்மா பெயராக இருக்கும் என்று பெரியவர் சொல்ல, முத்தம்மாள் என்று அடித்துப் பார்த்தார்கள். திறக்கவில்லை. பிறந்த ஊரை அடித்தார்கள், அதற்கும் திறக்கவில்லை.

சொல்லாமலும் இருக்க முடியாது. இந்தப் பக்கம் கோளாறு எதுவும் இல்லை, அந்தப் பக்கத்தில்தான் பூட்டியிருக்கிறது என்று ஹனீப் தயங்கித் தயங்கிச் சொன்னார். தெரியாமல் கை பட்டிருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். தணிகாசலம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கிவிட்டது.

ஹனீப்புக்குத் தாங்கவில்லை. செல்போனைக் கையில் எடுத்தார்.

“காசு போனா போவுது நைனா. எழுந்தா எழுந்துக்கட்டும், இப்பவே பேசிடுங்க. அமெரிக்கால எந்த ஊரு சொல்லுங்க, நான் லைன் போட்டுத் தரேன்.”

தணிகாசலம் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார்.

“அமெரிக்காவா? அவன் மாடிலதான் பாய் கீறான்.”