மதிக்காத செல்

பேராசிரியர் தாம் கண்டுபிடித்த புற்றுநோய் மருந்தை, தாம் பெற்ற பிள்ளையைவிட அதிகம் புகழ்வார். அவரிடம் எப்படிச் சொல்வதென்று காலையிலிருந்து தவித்தாள், அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மனைவி. கடைசியில் மைக்ரோஸ்கோப் முன் உட்கார வைத்தாள்.

"பச்சையா மின்னுறது உங்க மருந்து. பாருங்க."

செல்லுக்குள் பச்சை நுழைந்தது; நுழைந்த வேகத்திலேயே வெளியேறியது.

"யாரு தள்ளுறது?"

"செல்லோட சவ்வுல இருக்கிற புரதம். பம்பு மாதிரி இறைச்சுக் கொட்டுது. முன்னாடி அங்கொண்ணு இங்கொண்ணுதான் இருந்துச்சு. இப்ப சவ்வு பூரா அதுதான்."

"என் மருந்தையே மதிக்கலையே. என்ன திமிர்! யார் உடம்புல வளர்ந்ததோ?"

அவர் கையில் அந்த மருந்தை ஏற்றிய ஊசித் தழும்பை அவள் தடவினாள். "உங்க உடம்புலதாங்க. போன வாரம் உங்க கட்டியிலேர்ந்து எடுத்த சதை. நாளைக்கு வேற மருந்து ஏத்திக்கலாமே."

அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"யார் சொன்னாலும் கேட்காது. அசல் என்னை மாதிரியேதான்," என்றார் மெதுவாக. "சரி, வேற மருந்தே ஏத்தச் சொல்லு. அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பார்த்துக்கறேன்."