போகிறவர், இருக்கிறவர்

"ரெண்டாவது சுற்று தண்ணி குடிச்ச மாதிரி இருந்துச்சுப்பா!" என்று சொல்லிக்கொண்டே பரீட்சை அறையிலிருந்து வெளியே வந்தான் குழாய்க்கடை முதலாளியின் மகன்.

பின்னாலேயே அவன் மனைவி வந்தாள். பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தாள்.

"எனக்கு ரொம்பக் கஷ்டம் மாமா. பாதிக் கேள்வி கழுத்தைப் பிடிச்சுது."

காத்திருப்பு அறையின் சோபாவில், நாலு வயதுப் பேத்தியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த முதலாளி மருமகளைப் பரிதாபமாகப் பார்த்தார். மகனைப் பெருமையாகப் பார்த்தார். ஒரு பார்வையிலிருந்து இன்னொன்றுக்கு மாற அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

வெளிநாட்டில் மேல்படிப்பு. ஆசை இருவருக்கும், வசதி ஒருவருக்கு. யாருக்கு மார்க் அதிகமோ அவர் போகட்டும், மற்றவர் இங்கே இருக்கட்டும் என்று முதலாளி தீர்ப்புச் சொல்லியிருந்தார். மருமகளையும் எழுதவிட்டது தாராள மனத்தினால் அல்ல. எதிரே ஒரு கடை இருந்தால்தான் மகனுக்கு வியர்க்கும் என்ற கணக்கு.

இனிக் கட்டுரை மட்டும் பாக்கி. அது மொத்த மார்க்கில் சேராது. ஆகவே இடைவேளையிலேயே ஜெயித்துவிட்ட மகன், சரக்கு கைக்கு வரும் முன்பே நிபந்தனை பேச ஆரம்பித்தான்.

"அப்பா, இப்பவே பேசி முடிச்சிடலாம். அப்புறம் இவ மூக்கைச் சிந்திக்கிட்டு நிப்பா. போறவங்க படிப்பை முடிச்சுட்டுதான் திரும்புவாங்க. நடுவுல வா வான்னு யாரும் கூப்பிடக் கூடாது."

"சரிங்க," என்றாள்.

"கடையும் அம்மாவும் இருக்கறவங்க பொறுப்பு."

அம்மா கட்டிலோடு கிடக்கிறவள். வேளை தவறாமல் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இத்தனை நாள் புரட்டிய கை மருமகளுடையது. மகனுக்கு அம்மா எந்தப் பக்கம் படுத்திருக்கிறாள் என்று பார்க்கக்கூட நேரமில்லை. கோச்சிங் போய்க்கொண்டிருந்தான்.

"ஒரு நர்ஸாவது வைக்கலாமே," என்று இழுத்தாள். "இருக்கறவங்க பாவம்."

"கையும் காலும் நல்லா இருக்கறப்ப நர்ஸ் எதுக்கு?"

மாமனார் சிரித்தார்.

"வாரம் ஒரு தடவையாவது போன்..."

"மாசம் ஒரு தடவை. படிக்கிறவங்களை நச்சரிக்கக் கூடாது."

அதற்கும் தலையாட்டினாள். சொன்ன விலைக்கெல்லாம் தலையாட்டுகிற வாடிக்கையாளரிடம் வியாபாரிக்கு ருசி இருக்காது. முதலாளிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அப்புறம் பாப்பா," என்றான் மகன். "அவளும் இருக்கறவங்ககிட்டதான். அங்க கூட்டிட்டுப் போற பேச்சே வேண்டாம்."

அவள் வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"என்னம்மா, பிள்ளையை உன்கிட்டதானே விட்டுட்டுப் போறான்? அதுக்கும் மூஞ்சியைத் தூக்கினா எப்படி?" என்றார் மாமனார்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். அது தாத்தாவின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

"சரி மாமா," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

மகனுக்குத் திருப்தி. எதிராளியை அழவைக்காமல் முடிந்த பேரம் அவனுக்குப் பேரமாகவே படாது.

முதலாளி இருவரின் உள்ளங்கையிலும் ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் குடும்பத்தில் கை தட்டி முடித்த பேச்சை அப்பனும் பிள்ளையும்கூட மாற்றிக்கொண்டதில்லை.

கண்காணிப்பாளர் கூப்பிட்டார். மறுபடி உள்ளே போகிறவர்கள் கையை விரித்து நிற்க வேண்டும். தடவிச் சோதித்த பிறகுதான் கதவு திறக்கும். வரிசையில் அவர்களுக்கு முன்னால் ஒரு பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா.

"சுலபமா வந்துச்சுன்னு யாராவது அழுவாங்களாடி?"

"உனக்குப் புரியாதும்மா. முதல் சுற்றை நல்லா பண்ணினவங்களுக்குத்தான் ரெண்டாவது கஷ்டமா வரும். சொதப்பினவங்களுக்கு ஈஸியானதைக் குடுத்து மார்க்கைக் கீழேயே நிறுத்திடுவாங்க. கோச்சிங்ல முதல் நாளே சொன்னாங்க."

முதல் நாள் அவன் கோச்சிங் போகவில்லை. முதல் நாள் வெறும் வாய்ப்பேச்சுதான் நடக்கும், சரக்கு கைமாறாது என்று சொல்லிக் குடோனில் படுத்துத் தூங்கினான். அவன் பிரிக்காத புத்தகங்களை முன்னுரையிலிருந்து படித்தது அவன் மனைவி.

அவன் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடிப்பதற்கு இனி எந்த அவசியமும் இல்லாத நேரத்தில், துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"ஏய்," என்றான், அப்பாவுக்குக் கேட்காதபடி. "பாப்பாவை வேணும்னா நீயே கூட்டிட்டுப் போயேன்."

அவள் சோபாவின் பக்கம் பார்த்தாள். குழந்தை சிரித்தது. அவளுடைய கால் ஓர் அடி நகர்ந்தது.

ஆனால் பிரசவ வலி எடுக்கும்வரை கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் அவள். ஒரு நிபந்தனையை அவிழ்க்க விட்டால், அடுத்து நர்ஸ் வரும், போன் வரும், கடை வரும். கடைசியில் யார் போவது என்பதும் வரும்.

"கை தட்டியாச்சுங்க," என்றாள்.

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் விரித்து, சோதனைக்கு நின்றாள்.