எங்கே விட்டாலும் ஆடுகிறவள்

ராசிபுரம் போகும் பஸ்ஸின் பின்சீட்டில் ஆன்சியும் சௌமியாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரிக் கால்பந்து அணி அரையிறுதியில் ஜெயித்துவிட்டது. மற்ற பெண்கள் முன்னால் பாடிக்கொண்டு வருகிறார்கள். சாயும் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை ஆன்சியின் வீங்கிய முட்டியில் போட்டு அசைக்கிறது. "மத்தேயுஸா, குல்லிட்டா?" சௌமியா கடலையை உரித்து நீட்டுகிறாள். அந்தக் காலத்து ஜெர்மன், டச்சு கால்பந்து வீரர்கள் இருவரில் யார் பெரியவர் என்று ஒவ்வொரு பயணத்திலும் இதே பேச்சுதான். "மத்தேயுஸ்தான்," என்கிறாள் ஆன்சி. "நடுவுல ஆடி, வயசானப்பறம் பின்னால போயும் ஆடுனாரு." "குல்லிட் முன்னாலயும் ஆடுனாரு, பின்னாலயும் ஆடுனாரு. உன்னாட்டத்தான் புள்ள, எங்க உட்டாலும் ஆடுவாரு." ஆன்சி சிரிக்கவில்லை. "அவங்களுக்கெல்லாம் நடுவுல ஒரு எடம் இருந்துச்சு. எனக்கு எது எடம், நீயே சொல்லு." மூன்று வருடமாக யாருக்கு அடிபடுகிறதோ அவர்கள் இடத்தில்தான் அவள் ஆடுகிறாள். சௌமியா உள்ளங்கையிலிருந்து கடலைத் தோலை ஊதுகிறாள்.

மல்லூர் தாண்டியதும் பயிற்சியாளர் சந்திரசேகர் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வருகிறார். "கோல்கீப்பர் புள்ளைக்கு மணிக்கட்டு வீங்கிப்போச்சு சாமி. நாளைக்கு ஃபைனல்ல நீ கோல்ல நின்னுக்க. உனக்கென்ன, எங்கயும் சமாளிச்சுருவ." ஆன்சி அவரை நிமிர்ந்து பார்க்கிறாள். "நடுவுல ஆடறதுன்னா வாரேங்க சார்," என்கிறாள். குரல் உயரவில்லை. "இல்லீன்னா நாளைக்கு நான் வரலீங்க." அவர் கம்பியைக் கை மாற்றிப் பிடிக்கிறார். முன்சீட்டுப் பாட்டு ஒவ்வொரு குரலாக அடங்குகிறது. ஆன்சி ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுகிறாள். அவர் என்ன சொல்வதென்று யோசித்து முடிப்பதற்குள் தூங்கிவிடுகிறாள்.