வற்றிய பசுவும் கறவை எருமையும்

மழை பொய்த்த வருஷம் அது. பால் வற்றிப்போன செவலைப் பசு, வைக்கோலைத் தொடாமல் நின்றது.

"கறக்காத எனக்கு எதுக்குத் தீனி? நீ தின்னு. உன் பாலிலதான் இந்த வீட்டுல உலை கொதிக்குது" என்றது பக்கத்து எருமையிடம்.

"வயித்துல இருக்கிற கன்னு என்ன பாவம் பண்ணுச்சு?" என்ற எருமை, தன் பங்கிலும் கொஞ்சத்தை மூக்கால் தள்ளிவிட்டது. பசு அரைமனதாகத் தின்றது.

சில வாரம் கழித்து மாட்டுத் தரகர் வந்தார். பசு எருமையை ஒட்டி நின்றது. வீட்டுக்காரி அன்னக்கொடி அதன் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். உள்ளே கன்று உதைத்தது.

"இதை விக்கல அண்ணே" என்று அவரை அனுப்பிவிட்டாள்.

பசு எருமையைத் திரும்பிப் பார்த்தது. "நீ வத்துற காலத்துல நான் கறப்பேன்" என்று சொல்லிவிட்டு, வைக்கோலை வாய்நிறைய இழுத்தது.